குசினி அலுமாரியைப் புதுப்பித்தல்

கேள்வி: எங்கள் குசினியில் அப்பா தச்சரைக் கொண்டு தேக்கு மரத்தில் செய்வித்த அலுமாரிகள் இருக்கின்றன. அடுப்புக்கு அருகிலுள்ள கதவுகள் கறுத்துப் பிசுபிசுத்ததனால் சென்ற ஆண்டு அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசினோம். மூன்று மாதத்துக்குள் அது தோல் உரிவதுபோல உரிந்துவிட்டது. பிழை எங்கே? – வாசகி, கொக்குவில்

பதில்: வார்னிஷைக் குறைகூற முடியாது. தாளிப்புப் புகையும் எண்ணெயும் பல ஆண்டுகளாகப் படிந்த கதவை முதலில் கழுவாமல் தேய்த்தால், அந்தப் பிசுக்கு அரத்தாளோடு சேர்ந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் ஏறிவிடும். பிறகு பூசுகின்ற வார்னிஷ் மரத்தைப் பிடிக்காமல் எண்ணெயையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கதவுகளையும் இலாச்சிகளையும் கழற்றி, பிணைச்சல் மறைக்கும் இடத்தில் இலக்கமிட்டு வையுங்கள். கையால் செய்த அலுமாரியில் ஒரு கதவு இன்னொன்றின் இடத்தில் பொருந்துவது அபூர்வம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடைத்தபின், நல்ல நீரால் இரண்டு முறை துடைத்து, நிழலில் இரண்டு நாட்கள் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் பலகை வளைந்துவிடும்.

அடுத்து, பழைய பூச்சு எது என்று பார்க்க வேண்டும். மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் பூச்சு இளகி ஒட்டுமானால் அது அரக்குப் பொலிஷ். நீராவி பட்டால் வெளுத்துப்போகும் அந்தப் பூச்சு குசினிக்கு உதவாது என்பதால் அதை முழுமையாக நீக்கிவிடுவதே நல்லது. பின்னர் 120, 180, 220 இலக்க அரத்தாள்களால், மரத்தின் இழையோட்டத்தின் வழியாக மட்டும் தேயுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்த்தன்மை உண்டு. அது பொலியூரிதேன் வார்னிஷ் காய்வதைத் தடுக்கக்கூடியது என்பதால், பூசுவதற்குச் சற்று முன்னர் தின்னரால் ஒருமுறை துடைப்பது அவசியம். மெல்லிய பூச்சாக மூன்று தடவை பூசுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு, 320 இலக்கத் தாளால் இலேசாகத் தடவித் தூசியை நீக்குங்கள். தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரங்களாகும். அதுவரை சவர்க்கார நீர் படக்கூடாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயாது. சோளகம் வீசும் நாட்களில் முற்றத்துப் புழுதி முழுவதும் கதவில் ஒட்டும். மாசி, பங்குனியே என் தெரிவு. ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை அவை. வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: அலுமாரிப் பிணைச்சல்களை மாற்றி மாற்றியும் துருப்பிடிக்கின்றன. என்ன செய்யலாம்? – வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: கடற்காற்றில் இரும்பு நிலைக்காது, பித்தளைப் பிணைச்சல் வாங்குங்கள். ஆனால் அதற்கு இரும்புத் திருகாணி போட்டால், உப்பு ஈரத்தில் அந்த ஆணி முன்னையைவிட விரைவாகத் துருவேறும். ஆணியும் பித்தளையாகவே இருக்கட்டும். பித்தளை ஆணி மென்மையானது, வைர மரத்தில் தலை முறிந்துவிடும். ஆகையால் அதே அளவான இரும்பு ஆணியை முதலில் முறுக்கி வழி செய்து, அதைக் கழற்றிய பின்னர் பித்தளை ஆணியைப் பூட்டுங்கள்.