வாசகர் கேள்வி பதில்: செங்கல் பிடித்த கைகள்

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது, வைட் ரிசீவர்களில் தலைசிறந்தவர் ஜெர்ரி ரைஸ் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஆட்டத்தை அறியாத என் போன்றவர்களுக்கு, வைட் ரிசீவரின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்கிச் சொல்வீர்களா?

பதில்: ஒரு வரியில் முடித்தது என் தவறுதான். அமெரிக்கக் கால்பந்தில் அணிக்குப் பதினொருவர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். கூட்டத்திலிருந்து விலகி, பக்கக் கோட்டை ஒட்டி நின்று, ஆட்டம் தொடங்கியதும் முன்பே வகுத்த பாதையில் ஓடி, தம்மை விடாமல் துரத்தும் காவலரை ஏமாற்றி, எறியப்படும் பந்தைக் கையில் வாங்குபவர் வைட் ரிசீவர். எதிரணியின் எல்லைக்குள் அவர் பந்தைப் பிடித்தாலோ, பிடித்த பந்துடன் எல்லைக்குள் ஓடினாலோ அது டச் டவுன், ஆறு புள்ளிகள். இந்த வேலையை ஜெர்ரி ரைஸ் 1985 முதல் 2004 வரை இருபது பருவங்கள் செய்தார். 303 ஆட்டங்களில் 1,549 முறை பந்தைப் பிடித்து 22,895 கெஜம் முன்னேறினார். ஓடி எடுத்தவையும் சேர்த்து அவருடைய டச் டவுன்கள் 208.

கேள்வி: சிறு வயதில் செங்கல்லைப் பிடித்துப் பழகியதால்தான் ரைஸின் கைகள் அவ்வளவு உறுதியாயின என்று படித்தேன். இது உண்மையா, பெரிய ஆட்டக்காரர்களைச் சுற்றிப் பின்னப்படும் கதைகளில் ஒன்றா?

பதில்: உண்மைதான். ரைஸே பலமுறை சொல்லியிருக்கிறார். 1962 அக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில்லில் பிறந்து, கிராஃபர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். தந்தை கொத்தனார். கோடை விடுமுறைகளில் பிள்ளைகள் தந்தைக்குச் சித்தாள் வேலை பார்த்தார்கள். மேலே நிற்கும் ஜெர்ரிக்குக் கீழிருந்து அண்ணன் தம்பிகள் செங்கல் வீசுவார்கள். ஒவ்வொன்றாக வீசினால் நேரமாகும் என்பதால் நான்கு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வீச்சில் மேலே அனுப்புவார்கள். அடுக்கு காற்றில் பிரிந்து, ஒரு கல் இடப்பக்கமும் ஒரு கல் வலப்பக்கமும் சிதறும்; நான்கையும் அவர் பிடித்துவிடுவார். பந்தைத் தவறவிட்டால் ஒரு முயற்சி வீணாகும், அவ்வளவுதான். செங்கல்லைத் தவறவிட்டால் கல் உடையும், கீழே நிற்பவர் தலையும் தப்பாது. விரல்களை விறைப்பாக நீட்டாமல், வருகிற பாரத்தோடு கையையும் சற்றுப் பின்வாங்கி வாங்கும் வித்தையை வெயிலில் கொத்து வேலை பார்த்தே அந்தக் கைகள் கற்றன என்றுதான் நான் நம்புகிறேன்.

கால்பந்துக்கு அவர் வந்த விதமும் இப்படித்தான், திட்டமிட்டு நிகழ்ந்ததன்று. உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் துணைத் தலைமையாசிரியர் வந்து நின்றார். திடுக்கிட்ட பையன் ஓட்டம் பிடித்தான். மறுநாள் அதற்கு அடி கிடைத்தது. ஆனால் அந்த ஓட்டத்தைக் கண்ட ஆசிரியர் கால்பந்துப் பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட, இட்டா பீனா என்ற சிற்றூரில் உள்ள மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன். உலகத்தில் எந்தப் பந்தையும் பிடித்துவிடுவான் என்பதால் ரைஸுக்கு அங்கே ‘வேர்ல்டு’ என்றே பட்டப்பெயர். அந்தக் கல்லூரி மைதானம் இன்று ரைஸ்-டாட்டன் மைதானம் என்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

கேள்வி: அவ்வளவு திறமை இருந்தும், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1985ஆம் ஆண்டுத் தேர்வில் பதினாறாவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். முந்திய அணிகளுக்குக் கண் தெரியவில்லையா?

பதில்: அந்த ஆண்டு அவருக்கு முன்பாகவே ஆல் டூன், எடி பிரவுன் என்ற இரண்டு வைட் ரிசீவர்கள் தேர்வானார்கள். சிறிய கல்லூரியில் வலுவற்ற அணிகளுக்கு எதிராகக் குவித்த எண்ணிக்கைகளை நம்பலாமா என்ற ஐயம் ஒருபுறம். குறுகிய தூர ஓட்டத்தில் அவர் அசாதாரண வேகம் காட்டவில்லை என்பது மறுபுறம். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் மட்டும் வேறு விதமாகப் பார்த்தார். 1984 அக்டோபரில் ஹூஸ்டனுக்கு ஆடப் போயிருந்தபோது, ஓட்டல் அறைத் தொலைக்காட்சியில் தற்செயலாக ரைஸின் ஆட்டக் காட்சிகளைக் கண்டார். அந்தப் பருவத்தில் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றதால் அவருடைய அணிக்கு முதற்சுற்றில் கடைசி இடமே கிடைத்தது. அந்த இடத்தையும் வேறு தேர்வுகளையும் நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்துப் பதினாறாவது இடத்தை வாங்கி ரைஸை எடுத்தார்.

முதல் ஆண்டின் தொடக்கத்தில் ரைஸ் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டதும், சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே ரசிகர்கள் கூச்சலிட்டதும் உண்மை. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில் 10 பந்துகளைப் பிடித்து 241 கெஜம் எடுத்தார். அந்த இரவோடு கூச்சல் நின்றது.

கேள்வி: வேகமும் அசாதாரணமன்று என்கிறீர்கள். பின் எப்படித்தான் காவலர்களை ஏமாற்றினார்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பில் வால்ஷின் ஆட்டமுறை நீண்ட எறிதல்களைக் காட்டிலும், நேரம் தப்பாத குறுகிய எறிதல்களையே அதிகம் நம்பியது. அதில் ‘ஸ்லான்ட்’ என்றொரு பாதை உண்டு. ரிசீவர் மூன்று எட்டு நேராக ஓடி, சட்டென்று களத்தின் நடுப்பக்கம் சாய்வாக வெட்டித் திரும்புவார். அவர் திரும்பிப் பார்த்த பிறகு எறிவதாக இருந்தால் காவலர் எட்டிவிடுவார். ஆகவே ரைஸின் முகம் திரும்பும் முன்பே குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானாவின் கையிலிருந்து பந்து கிளம்பிவிடும். ரைஸ் ஓரடி முன்னே போய்விட்டாலோ, ஓரடி பின்தங்கினாலோ அது எதிரணியின் பந்து. எந்தப் பாதையானாலும் முதல் சில எட்டுகளை ஒரே வேகத்தில், ஒரே உடல் சாய்வில் ஓடுவார். அவர் எங்கே வெட்டப்போகிறார் என்று காவலரால் கணிக்க முடியாது. பந்து கைக்கு வந்த கணத்திலும் அவருடைய வேகம் குறையாது. ஐந்து கெஜ எறிதல் ஐம்பது கெஜ ஓட்டமாக மாறுவது அங்கேதான்.

இதற்குப் பின்னால் இருந்த உழைப்பைச் சொல்லாமல் விட முடியாது. பருவம் முடிந்து மற்றவர்கள் ஓய்வில் இருக்கும்போது, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே எட்ஜ்வுட் பூங்காவில் இரண்டரை மைல் நீளமுள்ள மலைப்பாதையில் ஏறி ஓடுவார். பயிற்சியில் எவ்வளவு சிறிய எறிதலைப் பிடித்தாலும், அங்கேயே நின்று பந்தைத் திருப்பி எறிய மாட்டார். எல்லைக்கோடு வரை முழு வேகத்தில் ஓடிய பிறகே திரும்பி வருவார். பயிற்சியில் செய்ததையே ஆட்டத்திலும் செய்தார்: 1987இல் வேலைநிறுத்தத்தால் 12 ஆட்டங்களே ஆடியும் பந்து பிடித்து 22 டச் டவுன்கள் எடுத்தார். அந்த எண்ணிக்கையை 2007இல் ராண்டி மாஸ் 23 எடுத்து முந்தினார், ஆனால் 16 ஆட்டங்களில்.

கேள்வி: சூப்பர் பவுல் ஆட்டங்களில் அவருடைய பங்கு என்ன?

பதில்: நான்கு முறை ஆடி மூன்று முறை வென்றார். 1989 ஜனவரியில் மயாமியில் சின்சினாட்டிக்கு எதிராக 11 பந்துகள், 215 கெஜம். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கடைசி நிமிடங்களில் 92 கெஜம் கடந்து வென்ற அந்த ஆட்டத்தில் வெற்றி டச் டவுனைப் பிடித்தவர் ஜான் டெய்லர் என்றாலும், அதுவரை பந்தை நகர்த்தியதில் பெரும்பங்கு ரைஸுடையது. 1990 ஜனவரியிலும் 1995 ஜனவரியிலும் தலா மூன்று டச் டவுன்கள். பின்னதில் தோள்பட்டை இடம் பெயர்ந்த நிலையில் ஆடினார். 2003 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்காக நாற்பது வயதில் ஆடித் தோற்றபோதும் ஒரு டச் டவுன் எடுத்தார்.

கேள்வி: 1997இல் முழங்கால் கிழிந்தும் அதே ஆண்டில் திரும்பி ஆடினாராமே? அது துணிச்சலா, அவசரமா?

பதில்: என் கருத்தில் அவசரம். ஆகஸ்ட் 31 அன்று டாம்பாவில், எதிரணியின் வாரன் சாப் அவருடைய தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பற்றி இழுத்து வீழ்த்தியதில் இடது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடிய 189 ஆட்டத் தொடர் அன்றோடு அறுந்தது. தேற ஓராண்டுகூட ஆகும் இந்தக் காயத்திலிருந்து பதினைந்தே வாரங்களில், டிசம்பர் 15 அன்று திரும்பினார். ஒரு டச் டவுனும் பிடித்தார். அதே பிடிப்பில் விழுந்து முழங்கால் சில்லு விரிசல் கண்டது. ஆனாலும் மறு ஆண்டே 82 பந்துகளைப் பிடித்தார்.

கேள்வி: 22,895 கெஜம் என்ற சாதனையை யாராவது முறியடிப்பார்களா?

பதில்: கணக்கைப் பாருங்கள். பருவத்துக்கு 1,000 கெஜம் எடுத்தாலே நல்ல ரிசீவர். அப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடினாலும் ரைஸை எட்ட முடியாது. 1,500 வீதம் பதினைந்து ஆண்டுகள் எடுத்தாலும் 22,500தான். 2012இல் ஒரே பருவத்தில் 1,964 கெஜம் எடுத்து, ரைஸின் 1,848ஐ முந்திய கால்வின் ஜான்சன் முப்பது வயதில் உடல் வலி தாங்காமல் விலகினார். இரண்டாம் இடத்தில் உள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு பதினேழு பருவங்கள் ஆடி எடுத்தது 17,492. இன்று விதிகள் எறிதலுக்குச் சாதகமாக உள்ளன, பருவமும் 17 ஆட்டங்களாக நீண்டிருக்கிறது. ஆயினும் இருபது ஆண்டுகள் உடைந்துபோகாத உடல் வேண்டுமே. மொன்டானா, ஸ்டீவ் யங், ரிச் கேனன் என எறிபவர்கள் மாறியபோதும் அவருடைய எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கையுறையில் பசை தடவிக்கொண்டு ஆடியதாக அவரே ஒப்புக்கொண்டாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: 2015இல் ஒரு பேட்டியின் வழியே இது வெளிவந்தது. பந்து நழுவாமலிருக்கத் தடவும் அந்தப் பசை 1981இலேயே தடைசெய்யப்பட்டது; ஆகவே அது விதிமீறல்தான், அவர் மீதுள்ள அன்பால் அதை மறைக்க எனக்கு மனமில்லை. அக்காலத்தில் எல்லாரும் செய்தார்கள் என்று அவர் சொன்ன சமாதானமும் எனக்கு ஏற்புடையதன்று. பசை பந்தைக் கையில் நிறுத்தலாம். காவலரை விட்டு ஓரடி விலகி நிற்க வைக்காது. அதனால் என் மதிப்பீடு மாறவில்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது.

கேள்வி: அவர் ஓய்வு பெற்றது எப்படி? மனநிறைவோடுதானா?

பதில்: சான் பிரான்சிஸ்கோ அவரை 2000ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் விடுவித்தது. ஓக்லண்ட், சியாட்டில் என்று போய், 2005இல் டென்வரில் சேர்ந்தும் பருவம் தொடங்கும் முன்பே விலகினார். 2006இல் பழைய அணியின் ஆட்டக்காரராகவே ஓய்வு பெற வேண்டும் என்பதற்காக ஒருநாள் ஒப்பந்தம் எழுதினார்கள். தொகை 19,85,806 டாலர் 49 சென்ட்: அவர் சேர்ந்த 1985, சட்டை எண் 80, ஓய்வாண்டு 06, அணியின் பெயரில் உள்ள 49. பணம் எதுவும் கைமாறவில்லை.

மனநிறைவைப் பற்றி அவரே பேசினார். 2010 ஆகஸ்டில் ஒஹாயோவின் கேன்டனில் உள்ள புகழ்க் கூடத்தில் சேர்க்கப்பட்டபோது, தம்மை வாழ்நாள் முழுவதும் ஓட்டியது தோல்வி பயம்தான் என்றார். எப்போதும் உழைத்துக்கொண்டே இருந்ததில் ஆட்டத்தை அனுபவிக்க நேரம் ஒதுக்கவில்லை என்பதே தம் ஒரே வருத்தம் என்றார். உரையை முடிக்கும்போது, மிசிசிப்பியிலிருந்து வந்த அந்தப் பையன் ஒருவழியாக ஓட்டத்தை நிறுத்திவிட்டான், இங்கே சற்று நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார்.