கரையான் அரித்த பேரேடும் கவின்கலைப் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதமும் கைபேசியில் எடுத்த ஒளிப்பதிவும் கிடைத்தன. வீட்டின் உள்முற்றமான வளவின் தூணருகே அமர்ந்து, ரங்கூன் காலத்துப் பேரேடு ஒன்றை மடியில் விரித்து, பற்றையும் வரவையும் உரக்கப் படித்துக்கொண்டே வரும் தங்கள் மகள், கரையான் அரித்த இடம் வந்ததும், அங்கே இருந்திருக்கக்கூடிய எழுத்துகளைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாய் திறவாமல் இருந்துவிட்டுப் பிறகு தொடர்கிறார். மூன்றாம் பக்கத்திற்கு மேல் படிப்பு குறைந்து மௌனமே நீள்கிறது. "இதென்ன கிறுக்கு" என்று முணுமுணுத்த அப்பத்தாவின் குரலும் அங்கே நின்றுவிட்டதைத் தாங்கள் கவனித்தீர்களா?

மகள் செய்யும் இந்த நிகழ்த்துக்கலைக்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பெயரில் மாதச் சம்பள வேலை இல்லை. அதைவிட அவசரமாகத் தீர்க்க வேண்டிய குழப்பம் ஒன்று இருக்கிறது. 'நிகழ்த்துக்கலை' என்ற சொல்லுக்குள் நம்மவர்கள் கரகம், கூத்து, பரதம், நாடகம் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதால், பெயரைப் பார்த்து நடன வகுப்பில் சேர்ந்து ஓராண்டை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தங்கள் மகள் செய்வது பெரும்பாலும் ஓவிய, சிற்பக் கூடங்களில் வளர்ந்த கலை. ஜெர்மனியின் காசல் நகரில் கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982-இல் தொடங்கி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கல்லை நிறுத்தி, 7000 மரங்களை நடச் செய்தது அவ்வகைதான். லண்டனில் ஓவிய ஆசிரியர் ஜான் லேத்தம் 1966-இல் கல்லூரி நூலகப் புத்தகம் ஒன்றின் தாள்களை மாணவர்களோடு மென்று துப்பி, அந்தக் கூழைப் புளிக்கவைத்து, நூலகம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் வேலை போயிற்று. குப்பி இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலை போனதைத் தாங்களும் குப்பி சேர்ந்த இடத்தை மகளும் மறக்கமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே என் பரிந்துரை கவின்கலைப் பட்டம்தான். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரியிலோ, கும்பகோணத்திலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரியிலோ, பிளஸ் டூ முடித்தவர்கள் வரைதிறன் தேர்வு எழுதி நான்காண்டு பி.எஃப்.ஏ.வில் சேரலாம். நாடகத்தின் பக்கம் மனம் சாய்ந்தால், டெல்லி தேசிய நாடகப் பள்ளி எப்படியும் பட்டத்தையும் மேடை அனுபவத்தையும் கேட்கும் என்பதால், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைய குறை வேறு: கற்பனைக்கு ஈடாகக் கை ஓடவில்லை. தேர்வு வரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வரையட்டும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊரே கூடிக் காக்கும் அந்த மௌனம் அவருடைய வேலைக்குப் பக்கத்து வீடு.

வருமானத்திற்கு, பட்டத்திற்குப் பின் நூலகத் தகவல் அறிவியல் படிக்கட்டும். நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே அத்துறை உண்டு. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்கள்தாம், அவர் மறைந்த பிறகு, 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகின்றன. பழந்தாளைக் கையாளத் தெரிந்தவருக்கு நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று போக இடங்கள் இருக்கின்றன. கலைக்கு வேண்டிய பொருளும் அங்கேயே கிடைக்கும்.

அடுத்த முறை நேரில் வரும்போது பேரேட்டையும் எடுத்து வாருங்கள். அதுவரை அதை மற்ற ஏடுகளோடு பெட்டகத்தில் வைக்காமல், காற்றாடும் இடத்தில் தனியே வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், தாள் நொறுங்கிவிடும்.