ஒரே பிட்மேப், லாட்டுக்கு ஒரு நிறம்: டிகிண்டரில் எப்படி?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். எந்த லாட் (ஒன்றாகப் பதனிடும் தோல் தொகுதி) எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட பைத்தானில், டிகிண்டர் (திரைச் சாளரங்கள் செய்யும் நூலகம்) வைத்து ஒரு திரை செய்திருக்கிறேன். ட்ரீவியூ பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தோல் வடிவத்தில் சின்ன ஐகான். ஒரு பிஎன்ஜி படத்தை பில்லோ (படங்களைக் கையாளும் நூலகம்) மூலம் இருநிறப் பிட்மேப்பாக மாற்றி, நிலைக்கு ஏற்ப நிறம் கொடுக்கப் பார்த்தேன். சில நேரம் ஐகானே வருவதில்லை. வந்தால் வெறும் நிறச் சதுரமாக வருகிறது. ஒரு லாட்டின் நிறத்தை மாற்றினால் எல்லா லாட்டும் மாறிவிடுகிறது. பேசாமல் நிறத்துக்கு ஒரு பிஎன்ஜி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வேலைக்கு இருநிறப் பிட்மேப்தான் சரி. இடம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. 16-க்கு 16 புள்ளி பிட்மேப் 32 பைட், அதே அளவு 24 பிட் வண்ணப் படம் 768 பைட். இன்றைய கணினியில் அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பிட்மேப்பில் வடிவம் மட்டும்தான் இருக்கிறது, நிறம் படத்துக்குள் இல்லை. நிறத்தை நிரல் ஓடும்போது நீங்கள் கொடுக்கலாம். அதுதான் லாபம்.

முதலில் நிறச் சதுரம். பில்லோவில் ‘கன்வர்ட்’ செய்து ஒரு பிட் படமாக்கும்போது 0 என்ற புள்ளி ஒளி ஊடுருவும், 1 என்ற புள்ளிக்கு ஃபோர்கிரவுண்ட் நிறம் (நீங்கள் கொடுக்கும் வடிவத்தின் நிறம்) விழும். வெள்ளைத் தாளில் கறுப்பாக வரைந்த படத்தில் வெள்ளைதான் 1. ஆகவே தோலைச் சுற்றியுள்ள இடத்துக்கு நிறம் வந்து, தோல் ஓட்டையாகிவிடும். பின்னணி ஒளி ஊடுருவும் பிஎன்ஜி என்றால், ஆல்ஃபா சேனலை (புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவும் என்று சொல்லும் பகுதி) மட்டும் பிரித்தெடுத்து, 128-க்கு மேல் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று ‘பாயின்ட்’ மூலம் வெட்டுங்கள். பின்னணி வெள்ளை என்றால் சாம்பல் படமாக்கி, 128-க்குக் கீழே இருப்பதை 1 ஆக்குங்கள். நேரடியாக ‘கன்வர்ட்’ செய்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பில்லோ தானாகவே டிதரிங் (இடைப்பட்ட நிறங்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தூவுவது) செய்வதால் மழுங்கிய ஓரங்களில் புள்ளி புள்ளியாகச் சிதறும். சின்ன ஐகானுக்கு அது அசிங்கம்.

அப்புறம் அந்தப் படத்தில் ‘டூபிட்மேப்’ கூப்பிட்டால் எக்ஸ்பிஎம் (XBM) வடிவில் தரவு கிடைக்கும். அதை டிகிண்டரின் பிட்மேப்இமேஜுக்கு ‘டேட்டா’வாகக் கொடுங்கள்; ஃபைலே தேவையில்லை. எக்ஸ்பிஎம் என்பது சி மொழியில் எழுதிய வெறும் உரை, நோட்பேடில் திறந்து கையால்கூடத் திருத்தலாம். ஒவ்வொரு பைட்டிலும் இடது ஓரப் புள்ளியின் மதிப்பு 1, வலது ஓரப் புள்ளியின் மதிப்பு 128 என்பதை மறந்தால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். விண்டோஸின் பிஎம்பி ஃபைல் வேறு சங்கதி. பெயரில் பிட்மேப் இருந்தாலும் இங்கே செல்லாது.

ஐகான் காணாமல் போவதற்குக் காரணம், படத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கி அங்கேயே விட்டுவிடுவது. ட்ரீவியூ படத்தின் பெயரை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அந்தப் பொருளை அழிக்க, படமும் போய்விடும்.

எல்லா லாட்டும் சேர்ந்து நிறம் மாறுவதும் இதோடு ஒட்டியதுதான். எல்லா வரிகளும் ஒரே படத்தைச் சுட்டுகின்றன; அதன் ஃபோர்கிரவுண்டை மாற்றினால் அத்தனையும் மாறத்தான் செய்யும். அதற்காக லாட்டுக்கு ஒரு படம் உண்டாக்கவும் வேண்டாம். நிலைக்கு ஒன்று போதும். கச்சா தோலுக்குப் பழுப்பு, வெட் புளூவுக்கு நீலம் (குரோம் உப்பு ஏறிய தோலின் நிறமே அதுதான், ஸ்டோரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை), கிரஸ்டுக்கு (பதனிட்டு உலர்த்திய, இறுதி மெருகு ஏறாத தோல்) சாம்பல். மூன்றும் ஒரே தரவிலிருந்து, ஃபோர்கிரவுண்ட் மட்டும் வேறாக. அவற்றை ஒரு டிக்ஷனரியில் போட்டு, செயலியின் ‘செல்ஃப்’பில் வையுங்கள், ஐகான் காணாமல் போகும் பிரச்சினையும் இதிலேயே தீரும். லாட் அடுத்த நிலைக்குப் போனால் படத்தைத் தொடாதீர்கள். ‘ஐட்டம்’ மூலம் அந்த வரிக்கு வேறு படத்தைக் காட்டுங்கள். நாளைக்குப் புது நிலை வந்தால் டிக்ஷனரியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் வரும். வரியைத் தேர்ந்தெடுத்தால் பல தீம்களில் அது நீலமாகும். அதில் வெட் புளூ ஐகான் கரைந்துவிடும். இதற்குத்தான் மாஸ்க். மூலப் படத்தின் அதே அளவில், வடிவம் மட்டும் சுற்றிலும் ஒரு புள்ளி பெரிதான இன்னொரு பிட்மேப்பை ‘மாஸ்க்டேட்டா’வாகக் கொடுத்து, பேக்கிரவுண்டை வெள்ளையாக்குங்கள். மாஸ்க்கில் 1 உள்ள இடம் மட்டும் வரையப்படும். அதில் தோல் நீலமாகவும் ஓரம் வெள்ளைக் கோடாகவும் தெரியும், மற்ற இடம் ஒளி ஊடுருவும். மூலப் படத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி இடம் விட்டு வரைந்திருக்க வேண்டும். பேக்கிரவுண்டைக் காலியாக விட்டால் டிகே (டிகிண்டருக்கு அடியில் இயங்கும் நூலகம்) மாஸ்க்கைக் கண்டுகொள்ளாது.

பிட்மேப்இமேஜில் ‘ஜூம்’ கிடையாது. திரை அளவை 150 சதவீதம் வைத்திருக்கும் லேப்டாப்பில் 16 புள்ளி ஐகான் பொடியாகத் தெரியலாம். அதனால் 24 புள்ளியிலும் ஒன்று தனியாக வரைந்து வையுங்கள். 16-ஐ பில்லோவில் பெரிதாக்கினால் ஓரம் பல் பல்லாக இருக்கும்.