பழைய லேப் ஸ்டீல் கிட்டாரில் வால்யூம் திருகினால் கரகரக்கிறது, டோன் வேலையே செய்யவில்லை. பொட் மாற்றலாமா, எப்படி?

1950களின் லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்தியில் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்), வால்யூமைத் திருகும்போது ஓரிடத்தில் சத்தம் அறுந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வால்யூம் பொட், அதாவது குமிழுக்கு அடியில் மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பாகம், தேய்ந்ததன் அடையாளம் அது. டோன் வேலை செய்யாததற்குப் பொட் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அதோடு இணைந்த கண்டென்சரின் (மின்தேக்கி) கால் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருப்பது பழைய கருவிகளில் சகஜம்.

எதையும் கழற்றும் முன் வேறொரு ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பாருங்கள். சில பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இன்புட் கண்டென்சர் கசிந்தால் கொஞ்சம் டிசி மின்னழுத்தம் கேபிள் வழியாகக் கிட்டாருக்கு வந்துவிடும். அப்போது புத்தம்புது பொட்கூடக் கரகரக்கும்.

அடுத்து சுத்தம் செய்து பாருங்கள். பொட்டின் மூன்று கால்களுக்கு மேலே உள்ள இடுக்கில், மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை பீய்ச்சி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது நாற்பது தடவை திருகுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டு, தூசி பிடிக்கும் பிசுக்கை விட்டுப்போகும். வெறும் அழுக்கு என்றால் இதிலேயே சரியாகிவிடும். ஒரு வாரத்தில் கரகரப்பு திரும்பி வந்தால் தேய்மானம்தான். பொட்டின் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு தகர நாக்குகளை நிமிர்த்தித் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: கரிய கார்பன் தடத்தின் நடுவே, வைப்பர் (தடத்தைத் தொட்டபடி நகரும் உலோக முனை) ஓடிய வழியில், அடியிலுள்ள பழுப்பு அட்டை மெல்லிய வளைகோடாகத் தெரியும். கார்பனே போனபின் எந்தத் திரவமும் உதவாது. அந்த நாக்குகள் ஓரிரு முறைக்கு மேல் வளைந்தால் ஒடிந்துவிடும், கவனம்.

லேப் ஸ்டீலில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வருவதற்குக் காரணம் வாசிப்பு முறை. வால்யூமை மூடி வைத்துத் தந்தியைத் தட்டிவிட்டு, வலக்கைச் சுண்டுவிரலால் மெல்லத் திறந்து ஒலியை மலரவிடுவார்கள். டோனையும் அப்படியே திருகி ‘வா-வா’ என்று பேசவைப்பார்கள். சாதாரண கிட்டாரில் பொட் என்பது ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் சாமான். இதில் அது வாசிப்பின் ஒரு பாகம். எனவே மாற்றும்போது ஓம் மதிப்பு பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். சுண்டுவிரலுக்கு லேசாகச் சுழல்கிறதா, ஒலி படிப்படியாக ஏறுகிறதா என்பவையும் அதே அளவு முக்கியம்.

பழைய பொட்டை அளக்க, ஓரக் கால்களில் ஒன்றிலுள்ள ஒயர்களைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் அளந்தால் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் சுருள்) 7 கே, அதாவது 7 கிலோ ஓம், போன்ற மதிப்புதான் காட்டும். இரு ஓரக் கால்களுக்கும் இடையே அளந்தால் பெரும்பாலும் 250 கே அல்லது 500 கே வரும். இருபது சதவீதம் கூடக்குறைய இருப்பது அந்தக் காலப் பொட்டுக்கு இயல்பு. 250 இருந்த இடத்தில் 500 போட்டால் ஒலி கூர்மையாகும். லேப் ஸ்டீலின் மேல்சுருதிகளில் அது காதைக் குத்தும். இருந்த மதிப்பையே போடுங்கள்.

வால்யூமுக்கு ‘ஏ’ குறியுள்ள ஆடியோ டேப்பர் (தொடக்கத்தில் மின்தடை மெல்ல ஏறும் வகை) வாங்குங்கள். சரிபார்க்க, நடுவில் நிறுத்தி, இடப்பக்கம் முழுக்கத் திருகும்போது பூஜ்ஜியமாகும் ஓரக் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளக்கவும். 250 கே பொட்டில் 25 முதல் 40 கே வரை வந்தால் ஆடியோ. 125 வந்தால் லீனியர் (மின்தடை சீராக ஏறும் வகை). லீனியர் போட்டால் ஒலி முழுவதும் திருகலின் தொடக்கத்திலேயே வந்துவிடும், சுண்டுவிரலால் மலரவைக்க இடம் இருக்காது.

தண்டையும் பாருங்கள். பக்கவாட்டுத் திருகாணி வைத்த பழைய குமிழுக்கு 6.35 மி.மீ. முழுத்தண்டு (நடுவில் பிளவில்லாதது) தேவை. 6 மி.மீ. தண்டில் அந்தக் குமிழ் ஒருபக்கம் சாய்ந்து ஆடும். துளை 9.5 மி.மீ. என்றால் அதே அளவு மரையுள்ள பொட் வாங்குங்கள். சின்ன பொட்டை வாஷர் வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் நாளடைவில் தளரும். பொட்டுக்காகத் துளையைப் பெரிதாக்குவது மட்டும் கூடவே கூடாது.

ஒயர்களைக் கழற்றும் முன் நான்கு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து, கால்கள் கீழே இருக்கப் பார்த்தால், வழக்கமான இணைப்பில் இடக்கால் பிக்கப், நடுக்கால் ஜாக் (கேபிள் செருகும் துளை), வலக்கால் எர்த். உங்கள் கருவியில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். துணி சுற்றிய ஒயரில் உறையை வெட்டாமல் பின்னால் தள்ளினாலே போதும். பிக்கப்பிலிருந்து வரும் ஒயரை இழுக்கவே இழுக்காதீர்கள்; உள்ளே இருக்கும் சுருள் கம்பி தலைமுடி அளவுதான், அறுந்தால் பிக்கப்பையே மறுபடி சுற்ற வேண்டும்.

ரோசின் உள்ள ஈயம், 40 வாட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலான அயர்ன். எர்த் ஒயர் பற்றவைக்கும் இடத்தில் பொட்டின் முதுகை உப்புத்தாளால் சுரண்டுங்கள். ஈயம் மூன்று நான்கு நொடியில் பிடித்துவிடும். பளபளப்பான முதுகில் ஒட்டாத ஈயத்தோடு அரை நிமிடம் போராடினால், சூட்டில் புதுப் பொட்டே பாழாகும்.

டோன் கண்டென்சரில் 0.05 அல்லது 0.02 மைக்ரோஃபாரட் என்று இருக்கும். வேலை செய்தால் மாற்றாதீர்கள். கெட்டிருந்தால் 0.047 அல்லது 0.022 ஃபிலிம் வகை, விலை மலிந்ததே போதும்.

மூடும் முன் கேபிளை ஜாக்கில் மட்டும் செருகி, மறுமுனையில் அளங்கள். வால்யூம் முழுதாக இருக்கும்போது, 7 கே பிக்கப்புக்கும் 250 கே பொட்டுக்கும் ஏறத்தாழ 6.8 கே வர வேண்டும். மூடினால் பூஜ்ஜியத்தை ஒட்டி. பிறகு வாசித்துப் பாருங்கள். ஸ்டீல் பாரைத் தந்தியில் வைத்தும் ‘ம்ம்ம்’ இரைச்சல் குறையவில்லை என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

கழற்றிய பொட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அதில் அச்சிட்டுள்ள எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 304 ஸ்டாக்போல், 137 சிடிஎஸ், 134 சென்ட்ராலேப். அடுத்து வருடம், வாரம். 304832 என்றால் ஸ்டாக்போல், 1948 அல்லது 1958, 32ஆவது வாரம். பொட் இடையில் மாற்றப்படாத அசல் என்றால், கிட்டார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கு அதுவே சான்று. ஒரு சிறு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.