ஷேர்பாயிண்ட் ஆவணங்களைப் பல டேட்டாபேஸ்களில் பிரித்து வைத்தால் வேகமும் பாதுகாப்பும் கூடுமா?

சொந்த சர்வரில் ஓடும் ஷேர்பாயிண்ட் (நிறுவன ஆவணங்களைச் சேமித்துப் பகிர உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பிரிக்கலாம். ஆனால் ஒரு லைப்ரரியையோ (ஆவணத் தொகுப்பு) உள்தளத்தையோ மட்டும் வேறு டேட்டாபேஸில் வைக்க முடியாது. பிரிக்கக்கூடிய அலகு சைட் கலெக்‌ஷன். அதாவது, ஒரு முதன்மைத் தளமும் அதன் உள்தளங்களும் சேர்ந்த தொகுப்பு. அது முழுசாக ஒரே டேட்டாபேஸில்தான் இருக்கும். ஆகவே, உதாரணத்துக்கு, சம்பள ஆவணங்கள் ஓர் உள்தளத்தில் இருந்தால், முதலில் அதற்கென்று தனி சைட் கலெக்‌ஷன் உருவாக்கி அங்கே மாற்றுங்கள்.

பிறகு அதே வெப் அப்ளிகேஷனில் (இந்தத் தளங்களை வழங்கும் அமைப்பு) புது கன்டென்ட் டேட்டாபேஸ் (தள உள்ளடக்கம் சேமிக்கப்படும் டேட்டாபேஸ்) சேர்த்து, பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் மூவ்-எஸ்பிசைட் கட்டளையை ஓட்டி, ஐஐஎஸ்ஸை (விண்டோஸின் வெப் சர்வர்) ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு டேட்டாபேஸும் ஒரே எஸ்க்யூஎல் இன்ஸ்டன்ஸில் (சர்வரில் ஓடும் ஒரே டேட்டாபேஸ் நிறுவல்) இருக்க வேண்டும். நகர்த்தும் தளத்தின் அளவைப் போல மூன்று மடங்கு இடம் டிஸ்கில் காலியாக இருக்கட்டும். நகர்த்தி முடித்ததும் பழைய டேட்டாபேஸ் ஃபைல் தானாகச் சுருங்காது; பலர் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

வேகம்? எல்லாம் ஒரே டிஸ்கில் இருந்தால் பக்கங்கள் திறக்கும் வேகம் பெரிதாக மாறாது. பேக்கப்புக்கும் ரீஸ்டோருக்கும் ஆகும் நேரம்தான் நன்றாகக் குறையும். பொதுப் பயன்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் உச்ச அளவு ஒரு டேட்டாபேஸுக்கு 200 ஜிபி.

பாதுகாப்பில் கவனம் தேவை. அதே வெப் அப்ளிகேஷன் என்றால் அதே சர்வீஸ் அக்கவுண்ட்தான் (தளத்தை இயக்கும் அப்ளிகேஷன் பூல் கணக்கு) எல்லா டேட்டாபேஸையும் தொடும். உண்மையான பிரிப்புக்குத் தனி வெப் அப்ளிகேஷன், தனி அப்ளிகேஷன் பூல் அக்கவுண்ட் வேண்டும். டிடிஈ என்க்ரிப்ஷன் (டேட்டாபேஸ் ஃபைல்களையே மறையாக்கும் முறை) போட்டால், அதற்கான சான்றிதழையும் அதன் பிரைவேட் கீயையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அவை தொலைந்தால் வேறு சர்வரில் அந்த பேக்கப்பை மீட்கவே முடியாது.