பெருநகர மாரத்தான் ஓடுவது எத்தகைய அனுபவம்? முதல் மாரத்தானையே அங்கு ஓடலாமா?

அரை மாரத்தான் இரண்டு முறை ஓடியிருப்பதாகவும், முதல் முழு மாரத்தானைப் பல்லாயிரம் பேர் ஓடும் பெருநகரப் போட்டியில் ஓடலாமா அல்லது சில நூறு பேர் ஓடும் சிறிய போட்டியில் தொடங்கலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் சிறிய போட்டி ஒன்றையும், இரண்டாண்டுகள் கழித்து 30,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெருநகரப் போட்டி ஒன்றையும் ஓடியவன். தூரம் இரண்டிலும் அதே 42.195 கிலோமீட்டர்தான். எனக்குத் தெரிந்த வேறுபாடு கூட்டம் ஒன்றே. அந்தக் கூட்டம் முதல் 10 கிலோமீட்டரில் என்னை ஏமாற்றியது, கடைசி 10 கிலோமீட்டரில் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது.

ஓட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்துவிடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதி கழிப்பறை வரிசையில்தான் போகும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பதிவின்போது நாம் குறிப்பிட்ட நேரத்தை வைத்து ஓட்டக்காரர்களைப் பிரிவு பிரிவாக அடைத்து, வேகமானவர்களை முதலில் விடுகிறார்கள். வேட்டுச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது, ஒருவரும் நகரவில்லை. சற்று நடந்தோம், நின்றோம், மீண்டும் நடந்தோம். குளிருக்காகப் போட்டிருந்த பழைய சட்டைகளைக் கழற்றி வேலியோரம் எறிந்தார்கள். தொடக்கக் கோட்டை நான் மிதித்தபோது 19 நிமிடம் கடந்திருந்தது. எண் அட்டையில் ஒட்டியிருக்கும் சிப் அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் நமது கணக்கைத் தொடங்கும் என்பதால் இதில் நட்டமில்லை. ஆனாலும் மனம் அந்த 19 நிமிடத்தைத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. 1970இல் நியூயார்க் மாரத்தான் முதன்முதலாக நடந்தபோது சென்ட்ரல் பூங்காவுக்குள் ஓடப் பதிவு செய்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். இன்று அதே போட்டியை 50,000க்கும் மேற்பட்டோர் முடிக்கிறார்கள். எனவே இந்த நெரிசல் ஐம்பதாண்டுக் கதைதான்.

நான் 4 மணி 15 நிமிடத்தில் முடிக்கத் திட்டமிட்டிருந்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்ற வேகத்தைப் பயிற்சியில் பல மாதங்கள் பழக்கியிருந்தேன். முதல் 5 கிலோமீட்டரை 27 நிமிடம் 55 நொடியில் கடந்தேன். அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 35 நொடி. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. ஓய்வெடுத்து வந்த கால்களுக்கு அந்த வேகம் நடை போல இருந்தது, சுற்றிலும் எல்லோரும் அதே வேகத்தில் போனதால் அதுவே இயல்பான வேகம் என்றும் தோன்றியது. மேலும், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் இடமும் வலமுமாக வெட்டி முந்திக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தை 2 மணி 2 நிமிடத்தில் தொட்டபோது 5 நிமிடம் சேமித்துவிட்டதாகக் கணக்குப் போட்டு மகிழ்ந்தேன்.

இந்த மகிழ்ச்சி ஏன் நிலைக்காது என்பதை உடலின் கணக்கைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள எனக்கு முழு ஓட்டத்துக்கும் 2,700 கிலோகலோரி தேவை. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாக இருப்பதோ சுமார் 2,000 கிலோகலோரிதான். மீதியைக் கொழுப்பு தர வேண்டும், ஆனால் வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைக்கோஜனையே அதிகமாக எரிக்கும். ஆக, தொடக்கத்தில் சேமித்த ஒவ்வொரு நிமிடமும் பின்னால் தேவைப்படும் எரிபொருளை எரித்து வாங்கிய நிமிடம். பலரும் 30 கிலோமீட்டருக்குப் பிறகு ‘சுவரில் மோதியது போல’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த இருப்புத் தீர்ந்துபோவதைத்தான். ஓட்டத்தின் நடுவே ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழ்) சாப்பிடுவது அதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர, தொடக்கத்தில் செய்த ஊதாரித்தனத்தை ஈடுகட்டாது.

கைக்கடிகாரத்தையும் அதிகம் நம்ப வேண்டாம். ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் என்னுடையது செயற்கைக்கோளைத் தவறவிட்டு, நான் ஒரு கிலோமீட்டரை 3 நிமிடத்தில் ஓடியதாக அறிவித்தது. வெளியே வந்தபின் உயரமான கட்டடங்கள் வேறு. பாதையை அளப்பவர்கள் சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியில், ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தை ஒட்டி, மிகக் குறுகிய தடத்தைத்தான் அளக்கிறார்கள். பல பெருநகரங்களில் சாலையில் தெரியும் நீலக்கோடு அந்தத் தடமே. கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடுபவர் அதைவிட நீண்ட தூரம் ஓடுகிறார். என் கடிகாரம் 42.2 காட்டி அதிர்ந்தபோது முடிவுக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. முடித்தபோது அது 42.9 காட்டியது.

தண்ணீர் மேசைகளில் முதல் மேசையை எல்லோரும் மொய்ப்பார்கள், கடைசி மேசை காலியாக இருக்கும். கீழே கிடக்கும் காகிதக் குவளைகள் வழுக்கும். ஒவ்வொரு மேசையிலும் கட்டாயம் குடித்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தின் உப்புச்சத்தான சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்து எடை கூடியிருந்தவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம், அது மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

31ஆவது கிலோமீட்டரில் என் தொடைகள் கல்லாகின. வேகத்தைக் கூட்டச் சொன்னால் கேட்கவில்லை, குறைத்தால் அப்படியே நிற்கப் பார்த்தன. சிறிய போட்டியில் இதே கட்டத்தில் ஆளரவமற்ற சாலையோரம் உட்கார்ந்து, எழ மனமில்லாமல் கால் மணி நேரம் கழித்தவன் நான். இங்கே உட்கார இடமில்லை. இருபுறமும் வேலியை ஒட்டி மக்கள் நின்றார்கள். யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அறிமுகமானவர் என்று திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத முதியவர். எண் அட்டையில் பெயர் அச்சிட்டிருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பெயர் சற்று நீளமானது. இடுப்பில் கட்டிய ஜெல் பை அட்டையின் ஓரத்தை மடக்கி மறைத்திருந்ததால், அந்த நகரம் முழுவதும் என் பெயரின் முன்பாதியை மட்டும் கூவியது. பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அப்படி யாரும் என்னை அழைத்ததில்லை. அழைத்தவர் முன்னிலையில் நடப்பதற்குக் கூச்சப்பட்டு, அவர் பார்வையிலிருந்து மறையும் வரையாவது ஓடுவோம் என்று ஓடுவேன். மறைவதற்குள் அடுத்தவர் அழைத்துவிடுவார். இரண்டாம் பாதிக்கு 2 மணி 36 நிமிடம் ஆனது. சேமித்த 5 நிமிடத்துக்கு 28 நிமிடம் வட்டியோடு கட்டினேன் என்றாலும், நடுவில் ஓரிடத்திலும் உட்காரவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிற்காதீர்கள். ஓடும்போது கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் அது கால்களிலேயே தேங்கி, இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். தன்னார்வலர்கள் ‘நடங்கள், நடங்கள்’ என்று விரட்டுவது இதனால்தான். மறுநாள் படி ஏறுவது எளிது, இறங்குவதற்குத்தான் கைப்பிடிச் சுவர் தேவைப்படும். கால் விரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது, இதெல்லாம் பெரிதில்லை.

ஆகவே, பெருநகரப் போட்டியிலேயே தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. உங்கள் நேரத்துக்கு உரிய பிரிவில் கடைசி வரிசையில் நில்லுங்கள், முதல் 10 கிலோமீட்டரில் உங்களை முந்துகிற எல்லோரையும் போக விடுங்கள், ஒருவரையும் வெட்டி முந்தாதீர்கள். எண் அட்டையை ஜெல் பைக்கு நான்கு விரற்கடை மேலே, பெயர் முழுதாகத் தெரியும்படி குத்திக்கொள்ளுங்கள்.