தேரி என்னும் செம்மணல் மேடுகளிலும் வயல் வரப்பிலும் தெரியும் வட்டப் பொந்துகளில் இருப்பது ஓநாய்ச் சிலந்திதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

பகலில் பொந்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இருட்டிய பிறகு போங்கள். நெற்றியில் கட்டும் லைட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டார்ச்சைக் கண்ணோரமாகப் பிடியுங்கள். இந்தச் சிலந்தியின் கண்ணுக்குள் ஒரு படலம் உண்டு, விழும் ஒளியை வந்த வழியே திருப்பிவிடும். இடுப்பளவில் பிடித்தால் அந்த மினுக்கம் உங்களுக்குத் தெரியாது. திருநெல்வேலி மாவட்டத்து இட்டமொழித் தேரிச் செம்மணலில் இப்படி நடந்து பாருங்கள், உடைமரத்தடியில் பச்சைப் பொட்டுகள் மின்னும். அவ்வளவு அழகு! பனித்துளியும் மின்னும்தான், ஆனால் வெள்ளையாக மின்னி, ஓரடி நகர்ந்ததும் மங்கிவிடும்.

மினுக்கம் தெரிந்தால் மெல்ல நெருங்கி முகத்தைப் பாருங்கள். உறுதியான அடையாளம் அங்கேதான். எட்டுக் கண்கள், மூன்று வரிசை: கீழே சிறியவை நான்கு, அதற்கு மேல் முன்னோக்கி முழிக்கும் பெரியவை இரண்டு, அதற்கும் பின்னால் உச்சியில் இரண்டு. மலையடிவாரங்களில் பொந்துக்குள் வாழும் ரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்திக்கு இப்படி இருக்காது, எல்லாக் கண்களும் ஒரே மேட்டில் நெருங்கிக் கிடக்கும். வீட்டுச் சுவரில் அப்பியிருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சிக்கும் கண் மினுங்கும். அதன் உடம்பு தட்டை, கால்கள் நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும்.

தாய்ச் சிலந்தி கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். முட்டைப் பையை வயிற்று நுனியில், நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொந்தில் வாழ்பவை அதை வாசல் வெயிலில் காட்டுவதும் உண்டு. பொரித்த குஞ்சுகள் முதுகில் ஏறிக்கொள்ளும். பையை வாயில் கவ்வியிருந்தால் அது வேறு வகை.

பொந்தின் வாய் வட்டமாக, விளிம்பில் நூல் பூசியிருக்கும். சிலவற்றில் சருகும் புல்லும் சேர்த்துக் கட்டிய குட்டிச் சுவரும் இருக்கும். வாய் அகன்று பிறை வடிவில் இருந்தால் நட்டுவாக்காலியாக, அதாவது பெரிய கருந்தேளாக இருக்கலாம், விரல் விட வேண்டாம். புல்தரையில் புனல் வலை விரித்திருக்கும் ஹிப்பாசாவும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பம்தான். பிசானப் பருவ நெல்லில் தூரடியில் ஓடி, சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதும் இந்தக் குடும்பத்தில் ஒன்று, அது பொந்து தோண்டாது.

தயவுசெய்து பொந்தைத் தோண்டவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ செய்யாதீர்கள். காலடி அதிர்வில் உள்ளே போய்விட்டால், புல் நுனியை வாசலில் லேசாக அசையுங்கள், இரையென்று எட்டிப் பார்க்கும். படத்தை வைத்துக் குடும்பம் வரை சொல்லலாம். இன்ன இனம் என்று சொல்ல இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். களக்காடு பக்கம் போவதானால், புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.